ரெங்காஸ் மரத்தை விட்டுவிட்டு வந்தேன்

என் செல்வம் மச்சானுக்கு,

நீ போய் ஒரு தீபாவளியும் கடந்துவிட்டது. நீ கேட்ட கிட்டாரை நான் இன்னும் செய்யவில்லை. "வெளிநாட்டு மரம் வேணாம் மச்சான், நம்ம மலேசியா மண்ணுல முளைச்சதுல செய்" என்று ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கச் சொன்னாயே. நான் மரம் தேடிக்கொண்டிருக்கும்போதே நீ அவசரப்பட்டுவிட்டாய்.

உன் மனைவி மலர் என்னை விடவில்லை. "வீட்டுல சத்தமே இல்லண்ணே. நீங்க செஞ்சு குடுங்க, நானே கத்துக்குறேன்" என்றாள். உன் பழைய கிட்டாரைத்தான் கல்யாணக் கச்சேரி நண்பர்களிடம் கொடுத்துவிட்டாயே. இவள் போனில் பாடம் பார்த்து, வெறும் காற்றில் விரலை மடக்கிப் பழகுகிறாள்.

கோலா பிலா பக்கம் கிட்டாருக்கு ஏற்ற நம் காட்டு ரெங்காஸ் மரம் இருப்பதாக ஒரு தரகர் போன் செய்தார். மலரும் கூடவே வந்தாள். செம்பனைத் தோட்டத்துக்குள் வழி கேட்க நிறுத்தினோம். ஓர் அம்மா வாசலில் தோம்பு, வாளிகளை வரிசையாக வைத்துக்கொண்டு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தார்.

"குழாய்ல தண்ணி வரலியாம்மா?"

"வருதுலா, சேறு வருது. மேல புக்கிட் மலைல திருட்டுத்தனமா மரம் வெட்டறானுங்க. ஓடையே செவந்து போச்சு. புள்ளைங்களுக்கு வயித்துப்போக்கு நிக்கல."

தரகர் எங்களைத் தோட்டத்தின் கடைசிக்கு அழைத்துப் போனார். பனை மட்டைகளை விலக்கினார். அடியில் பெரிய மரத்துண்டுகள், வெட்டிய முகம் இன்னும் ஈரமாக. ஏற்கெனவே காயவைத்த ஒரு பலகையை நீட்டினார். ரத்தச் சிவப்பு, நடுவில் மை போலக் கறுப்புக் கோடுகள். விரல் முட்டியால் தட்டினேன். மச்சான், நீ கேட்டிருக்க வேண்டும். என் வாழ்நாளில் அப்படியொரு சத்தம் கேட்டதில்லை.

மரத்துண்டுகளில் வனத்துறை அடிக்கும் முத்திரையைத் தேடினேன். ஒன்றிலும் இல்லை.

"பேப்பர்லாம் கேக்காதீங்க பாஸ். ஒரு பலகய யாரு பாக்கப் போறா?"

வேண்டாம் என்று கீழே வைத்தேன். மலர் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு கேட்டது இதுதானேண்ணே. ஒரே ஒரு பலக."

"அந்தம்மா மொகத்தப் பாத்தியாமா?"

"பாத்தேன். கடைசியில அவரு மொகத்தயும் பாத்தேன்ண்ணே."

பலகையை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினோம். அவளை லுக்குட்டில் உங்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். இறங்கும்போது 'வரேன்' என்றுகூடச் சொல்லவில்லை. அப்புறம் என் போனையும் எடுக்கவில்லை.

மறுநாள் வனத்துறைக்குத் தகவல் சொன்னேன். வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். போனார்களா, தெரியாது. அந்தப் பலகையை இந்நேரம் வேறொருவன் வாங்கியிருப்பான். அப்படியென்றால் நான் யாருக்கு நல்லது செய்தேன் மச்சான்? நீ இருந்திருந்தால் வாங்கச் சொல்லியிருப்பாயா, திட்டியிருப்பாயா? உன் குரலில் இரண்டுமே எனக்குக் கேட்கிறது.

போன வாரம் பட்டறை வாசலில் ஒரு சின்ன லாரி வந்து நின்றது. மலர் இறங்கினாள். பின்னால் உங்கள் கல்யாணக் கட்டில், துண்டு துண்டாகக் கழற்றி அடுக்கியிருந்தது. நல்ல மெர்பாவ் மரம்.

"அறுத்துருங்கண்ணே. ரெண்டு பேரு படுத்தது, எனக்கு ஒருத்திக்கு எதுக்கு?"

"நீ எங்கம்மா படுப்ப?"

"தரையிலதான். அவரு போனதுலருந்து நான் அதுல படுக்கவே இல்ல."

என் மீது கோபம் போய்விட்டதா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. ஒரு டீ குடித்துவிட்டுப் போனாள்.

தலைமாட்டுப் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். இரண்டு முறை ரம்பத்தை ஓடவிட்டு நிறுத்திவிட்டேன். உன் தலை பட்டுப் பட்டு மழுங்கிய இடம் அதில் நன்றாகவே தெரிகிறது. அங்கே எப்படி மச்சான் ரம்பத்தின் பல்லை வைப்பேன்? வைத்தாலும், இத்தனை காலம் பாரம் சுமந்த மரம் பாடுமா?

பாடாவிட்டாலும் செய்கிறேன். பொங்கலுக்குள் கிட்டார் அவள் மடியில் இருக்கும். அவள் தப்பும் தவறுமாகத்தான் வாசிப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கடைசிவரை கேட்பேன். ஒரு இடத்திலும் திருத்த மாட்டேன், இது சத்தியம்.

உன் மலருக்கு அண்ணன்,
உனக்கு என்றும் மச்சான்,
குமார்