ஆல்கோத் பத்து மீட்டர் மேடை ஏறிய ஞாயிறு

1911 ஜூலை, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் எல்ஃப்ரிடாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர நாங்கள் மூவரும் கர்த்தர் கிருபையால் சுகமாக இருக்கிறோம், மினியாபோலிஸில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க ஜெபிக்கிறேன். உருளைக்கிழங்கு நன்றாகப் பிடித்திருக்கிறது, பக்கத்து வீட்டு தெக்லாவின் பசு கன்று போட்டது, அதெல்லாம் கிடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை நம் கடற்குளியல் கூடத்தில் ஆண்கள் மேடையிலிருந்து கடலில் பாயும் போட்டி நடந்தது. முடிவை இப்போதே சொல்லமாட்டேன், நான் தவித்தது போல நீயும் கொஞ்சம் தவித்துப் படி.

வசந்தத்தில் நீ உன் தம்பிக்குக் கப்பல் சீட்டு அனுப்பினாயே, அன்றிலிருந்து போவதா வேண்டாமா என்று ஆல்கோத் சொல்லவே இல்லை. கடைசியில் நடுக்கோடைப் பண்டிகையன்று சாப்பாட்டு மேசையில், "ஜெயிச்சா ஸ்டாக்ஹோம், தோத்தா அமெரிக்கா. இதுக்கு மேல என்னை யாரும் ஒண்ணும் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு மீன் முள்ளை எடுக்க ஆரம்பித்துவிட்டான். ஜெயிப்பவனை அடுத்த கோடையில் நடக்கும் ஒலிம்பிக் பந்தயத்துக்குப் பழக்க ஸ்டாக்ஹோமுக்குக் கூப்பிடுவார்களாம். ஸ்டாக்ஹோம் என்றால் காலையில் ரயிலேறி அன்றைக்கே அவனைப் பார்த்துவிடலாம். அமெரிக்கா என்றால் நீ போனது போலப் போவதுதான். அப்புறம் எனக்கு எப்படித் தூக்கம் வரும், சொல்.

போட்டிக்கு வெளியூர்ப் பெரிய மனிதர்களும் பெண்களும் வருகிறார்கள் என்பதால் எல்லோரும் தோளிலிருந்து தொடைவரை உடுப்புப் போட வேண்டும் என்று உத்தரவு. நம் ஊர் ஆம்பிளைகள்தான் உனக்குத் தெரியுமே, ஆண்கள் குளிக்கும் இடத்தை மறைக்கும் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பிறந்த மேனியாகக் குதித்தே பழகியவர்கள். ஆல்கோத்துக்கு நீலக் கம்பளி நூலில் நானே பின்னிக் கொடுத்தேன், கொஞ்சம் தாராளமாகவே பின்னினேன். புதுசு கசங்கக் கூடாது என்று நானும் மடித்து வைத்தேன், அவனும் தொடவில்லை. நனைத்துப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை, வாழ்நாளெல்லாம் கம்பளி துவைத்த எனக்கே தோன்றவில்லை, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முதல் சுற்று ஐந்து மீட்டர் மேடை. உன் தம்பி அழகாகத்தான் பாய்ந்தான், ஆனால் தண்ணீருக்குள் போன உடுப்பு வேறு, வெளியே வந்த உடுப்பு வேறு! முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது, ஒரு தோள்பட்டை முழங்கையில் கிடக்கிறது, இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏணி ஏற முடியாமல் நிற்கிறான். போட்டிக்கு யேவ்லே ஊரிலிருந்து வந்த பையன்கள், "டேய், பாவாடை கட்டிக்கிட்டு வந்திருக்கான்டா!" என்று கத்தினார்கள். நடுவராக உட்கார்ந்திருந்த மருந்துக்கடைக்காரர் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு, "தம்பி, இந்தக் கோலத்துல மேல ஏற விடமாட்டோம். சரிபண்ணிக்கிட்டு வா, இல்லேன்னா பேரை அடிச்சிடுவோம்" என்றார். அப்பா, "நான் அப்பவே சொன்னேன், மீனுக்கு இருக்கிற புத்தி இவனுக்கு இல்லேன்னு" என்று ஆரம்பித்தார். எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த வேகம், பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து, அவன் போன ஆண்கள் உடை மாற்றும் அறைக்கு ஓடினேன். தெக்லா பின்னாலிருந்து, "ஏய் ஹெட்விக், அங்க எல்லாரும் அம்மணமா இருப்பாங்கடி!" என்று கத்துகிறாள். வாசலில் காவலுக்கு நின்ற கிழவன் சிக்ஸ்தன் கையை விரித்து மறித்தான். "தள்ளுடா, நானும் ஆம்பிளைப் பிள்ளையைப் பெத்தவதான், புதுசா எதையும் பாக்கப் போறதில்ல" என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். உள்ளே ஒரே கூச்சல், துண்டு கிடைக்காதவன் எல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான், நம் பாதிரியாரின் மைத்துனர் உட்பட.

கழுத்துப்பட்டியில் எப்போதும் நூலோடு குத்தியிருக்கும் ஊசியை எடுத்து, உடுப்பை அவன் உடம்பில் வைத்தே இறுக்கிப் பிடித்துத் தைக்க ஆரம்பித்தேன். குளிரில் அவன் பல் கிட்டுகிறது. ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் திரும்பும்போது மெதுவாகச் சொன்னான், "அம்மா, விட்டுடேன். நீ தைக்கலேன்னா எல்லாம் தானா முடிஞ்சுடும். அக்கா அங்க ஒத்தையில இருக்கா." எனக்குக் கை நின்றுவிட்டது எல்ஃப்ரிடா. அவனுக்காக அறை பிடித்து, ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டிருப்பதாக நீ எழுதியது அப்படியே கண்முன் வந்தது. வெளியே மணி அடித்துப் பெயரைக் கூப்பிட்டார்கள். தைத்தேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்து, "போய்ப் பாய்டா" என்று முதுகில் ஒன்று வைத்தேன்.

அடுத்தது கடைசிச் சுற்று, பத்து மீட்டர் மேடை. யேவ்லேக்காரன் ரக்ன்வால்டு நன்றாகவே பாய்ந்தான், பொய் சொல்லக் கூடாது, ஆனால் கால் கொஞ்சம் மடங்கிவிட்டது. பிறகு நம்முடையவன். ஓடி வந்தான், பலகை தடதடத்தது, இரண்டு கையையும் விரித்துக் காற்றில் படுத்தான் பார், கீழே வரவே மாட்டானோ என்று நினைத்தேன்! கடைசி நொடியில் கைகளைச் சேர்த்து உள்ளே போனான், துளி தண்ணீர் தெறிக்கவில்லை. தையலும் பிரியவில்லை. ஜெயித்துவிட்டான் மகளே, ஜெயித்தே விட்டான்! மர ஆலை வாத்தியக்காரர்கள் ஊதித் தள்ளினார்கள், மருந்துக்கடைக்காரர் ஓக் இலை மாலை சூட்டினார், மீன் கதை பேசிய உன் அப்பா தன் ஒரே ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைக் கடலில் வீசி எறிந்துவிட்டு இப்போது தேடிக்கொண்டிருக்கிறார். நான் தெக்லாவைக் கட்டிக்கொண்டு ஊர் பார்க்க அழுதேன். இன்றைக்கும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

செப்டம்பரில் அவன் ஸ்டாக்ஹோம் போகிறான். உன் சீட்டு இந்த உறையிலேயே இருக்கிறது. இங்கே எங்களுக்குக் கல்யாண வீடு மாதிரி இருக்கிறது, நீ அங்கே வேலை முடிந்து வந்து இதைப் படித்து அழுவாய் என்று எனக்குத் தெரியும். சந்தோஷத்தை மறைத்து எழுதலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. கர்த்தர் உனக்கு நல்ல சுகத்தையும் நல்ல துணையையும் தரட்டும், குளிர் வருமுன் கம்பளிக் காலுறை வாங்கிக்கொள். உனக்கு எழுத அவனுக்கு இன்னும் தைரியம் வரவில்லை, வந்து எழுதினால் அவனை ஒரு வார்த்தை கடிந்து சொல்லாதே. அவன் விட்டுவிடு என்றுதான் சொன்னான், தைத்தவள் நான்.

உன்னை நினைக்காத நாளில்லாத,
அம்மா ஹெட்விக்