தொட்டிப் பணமும் தம்பி பேருக்கு வந்த பெட்டியும்

24-10-1961
செவ்வாய்க்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான மகன் பொன்ராஜுக்கு அம்மா முத்தத்தோடும் ஜெபத்தோடும் எழுதுவது. கிருபையால் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், முழங்கால் வலி பழையபடிதான். நீ சுகமாயிருப்பதாக எழுதியிருந்தாய், அதை நான் பாதிதான் நம்புகிறேன், ஏனென்றால் உன் கையெழுத்து வலது பக்கம் சாய்ந்து கிடந்தது, சின்ன வயதிலிருந்தே காய்ச்சலில் எழுதினால்தான் உனக்கு அப்படிச் சாயும். பிலாய் உருக்காலைப் பக்கம் குளிர் ஆரம்பித்திருக்கும், நான் பின்னி அனுப்பிய ஸ்வெட்டரைப் போடுகிறாயா அல்லது கூட இருக்கிற பையன் எவனாவது போட்டுக்கொண்டு திரிகிறானா? உன் தங்கை கனகமணி மதுரை ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடிந்து நன்றாகத் தூங்குவதாக எழுதுகிறாள், அதையும் நான் நம்பவில்லை. பால்காரரை மாற்றிவிட்டேன், புதியவர் ஊற்றுகிற பாலும் நீலமாகத்தான் இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் போன கடிதத்தின் அடியில், மற்ற சங்கதி எல்லாம் முடிந்த பிறகு, சங்கையா அண்ணாச்சி நல்லவர், அவர் சொல்கிறபடி கேளுங்கள் அம்மா என்று ஒரு வரி சொருகியிருந்தாய். பஞ்சாயத்து விஷயம் எதையும் நான் உனக்கு எழுதியதே இல்லை. அப்படியிருக்க அவர் என்னிடம் ஏதோ சொல்லப் போகிறார் என்று அத்தனை தூரத்தில் இருக்கிற உனக்கு எப்படித் தெரிந்தது? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படி.

பஞ்சாயத்தில் பெண் ஒருத்தி இருக்க வேண்டும் என்று சட்டம் வந்ததும் என்னைப் பிடித்து உட்கார வைத்தது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியாது. தலைவரான சங்கையா அண்ணாச்சியோடு இன்னொரு மெம்பரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பஞ்சாயத்துச் செக் செல்லும் என்று தீர்மானம் போட்டார்கள். அந்த இன்னொருவர் யார் என்பதில் ஆண்களுக்குள் ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை இல்லை, கடைசியில் டீச்சரம்மாவே போடட்டும் என்று விட்டுவிட்டார்கள். ரிட்டயர் ஆன வாத்திச்சி, விதவை, காட்டிய இடத்தில் போட்டுவிட்டு ஜெபக் கூட்டத்துக்குப் போய்விடுவாள் என்று நினைத்திருப்பார்கள். நானும் இதுவரை தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் போட்டுக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் ஒவ்வொன்றையும் படித்துவிட்டுத்தான் போட்டேன். இப்போது பெரிய பணம் வந்திருக்கிறது. குடிதண்ணீர்த் தொட்டி கட்ட சர்க்கார் கொடுத்ததும் ஊரார் போட்டதுமாகப் பன்னிரண்டாயிரம் ரூபாய் சாத்தூர் கஜானாவில் இருக்கிறது. பக்கத்து வீட்டு இருளம்மாள் கூட தீப்பெட்டி ஒட்டிய கூலியில் இரண்டு ரூபாய் கொடுத்திருக்கிறாள். குடத்தோடு போகும்போதெல்லாம் என் வாசலில் நின்று, தொட்டி எப்ப டீச்சரம்மா வரும், கொடஞ் சுமந்தே எந் தலை வழுக்கையாப் போச்சு என்று கேட்காமல் அவள் போவதில்லை.

இந்த மாதத் தொடக்கத்தில் அண்ணாச்சி ஒரு யோசனை சொன்னார். பணம் கஜானாவில சும்மாத்தான டீச்சரம்மா தூங்குது, அத எழுப்பி நம்ம கம்பெனியில விட்டா தை மாசத்துக்குள்ள வட்டியோட வந்துரும், அந்த வட்டியில மேலத் தெருவுக்கு ரெண்டு குழாய் கூடப் போட்ரலாம்லா என்றார். கம்பெனி என்றால் அவருடைய பட்டாசுக் கம்பெனிதான். நேராகக் கொடுக்க முடியாது என்பதால் தொட்டி காண்டிராக்டருக்கு முன்பணம் என்று செக் எழுதுவது, காண்டிராக்டர் அதைக் கம்பெனியில் போடுவது என்று ஏற்பாடு. காண்டிராக்டர் அவருடைய மச்சினன். கேட்ட ஒருவருக்கும் இது தப்பாகத் தோன்றவில்லை. நம் பக்கத்தில் கோயில் பணம், கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் எல்லாம் யாராவது ஒரு கம்பெனியில்தானே கிடக்கிறது, நம் சபையின் கட்டிட நிதி எங்கே கிடக்கிறது என்று நான் போதகர் ஐயரிடம் கேட்டதற்கே அவர் பேச்சை மாற்றி மழையைப் பற்றிச் சொன்னார். நான் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். பிறகு பஞ்சாயத்து யூனியன் ஆபீஸுக்குப் பஸ்ஸில் போய் விதிகள் அடங்கிய புத்தகத்தைக் கேட்டு வாங்கி வந்தேன், குமாஸ்தா அதைக் கொடுக்க அரை நாள் யோசித்தார். பொதுப் பணம் கஜானாவில்தான் இருக்க வேண்டும். உடனே தேவைப்படாததை தபாலாபீஸிலோ சர்க்கார் பத்திரத்திலோ போடலாம், அதற்கும் கூட்டத்தின் தீர்மானம் வேண்டும், மேலே சம்மதம் வேண்டும். வாங்கிய காரியத்துக்கல்லாமல் வேறு எதற்கும் எடுக்கக் கூடாது. தனி மனிதர் கையில், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், வட்டிக்கு விடவே கூடாது. எவ்வளவு நல்லவராக இருந்தாலும் என்பது புத்தகத்தில் இல்லை, நான் சேர்த்துக்கொண்டது. அதை எழுதியவர் யாரோ, என்னைப் போல யாரையும் நம்பாத பிறவியாகத்தான் இருக்க வேண்டும், படிக்கப் படிக்க எனக்கு உறவுக்காரரைக் கண்டது போல இருந்தது.

ஆனாலும் அண்ணாச்சி விதி தெரியாமல் கேட்கிறாரோ என்று ஒரு நாள் முழுவதும் நல்லெண்ணம் வைத்துப் பார்த்தேன், முடியவில்லை. நீயே யோசித்துப் பார். பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் ஊராரிடம் பணம் வாங்குவது எப்போது? தையிலும் மாசியிலும். அப்போதுதான் வெடி மருந்தும் காகிதமும் வாங்க வேண்டும், கூலி கொடுக்க வேண்டும், வரும்படி இருக்காது. ஐப்பசியில் சரக்கெல்லாம் லாரி ஏறிப் போயிருக்கும், இனி வடக்கே இருந்து பணம் வர வேண்டியதுதான், சீசன் முடிந்து வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிற நேரம். தீபாவளி நெருங்கும்போது ஒருவர் புதிதாகப் பணம் கேட்கிறார் என்றால் அது மருந்து வாங்க இல்லை. ஆவணியிலும் புரட்டாசியிலும் இந்த வருஷம் காலம் தப்பிப் பெய்த மழையில் கம்பெனிக் களத்தில் எதுவும் காயவில்லை, அவர் கல்கத்தாவுக்கு அனுப்பிய லோடு நமுத்துப்போய்த் திரும்பி வந்துவிட்டது என்று தாயில்பட்டி பஸ்ஸில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

இப்போது உன் விஷயம். போன வெள்ளிக்கிழமை கம்பெனி ஆள் முனியசாமி சைக்கிளில் ஒரு பட்டாசுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து என் வாசலில் இறக்கினார். என்னை மயக்கத்தான் அண்ணாச்சி அனுப்பியிருக்கிறார் என்று நினைத்து, எடுத்துக்கொண்டு போங்கள், நான் எந்தக் கையெழுத்தும் போடவில்லை என்றேன். அவர் பாவம் திகைத்துப்போய், இது ஒங்களுக்கு இல்ல டீச்சரம்மா, தம்பி பேருக்கு வந்திருக்கு, பணம் போட்டவுக வீட்டுக்கெல்லாம் தீபாவளிக்கு முந்தி ஒரு பெட்டி குடுக்கது வளக்கம்லா என்றார். அந்த வழக்கம் எனக்குத் தெரியாதா? யார் வீட்டுக்குப் பெட்டி வருகிறது என்று பார்த்தே யார் யாரிடம் பணம் இருக்கிறது என்று ஊர் முழுவதையும் எடை போட்டவள் நான். தம்பி எம்புட்டுப் போட்டிருக்காக என்று சும்மா தெரிந்தவள் போலக் கேட்டேன். மூவாயிரம், மாசியில வந்தப்ப போட்டாகள்ல என்றார். நீ மாசியில் லீவில் வந்தபோது இரண்டு தரம் சிவகாசிக்குப் போய் வந்தாய், முகத்தில் ஒரு களை இருந்தது, என் கண்ணைப் பார்க்கவில்லை. ஏதோ பெண் விஷயம் என்று நினைத்து அந்தப் பெண் எந்தச் சபை, எந்த ஊர் என்று மூன்று மாதம் விசாரித்துக்கொண்டிருந்தேன். பெண்ணாகவே இருந்திருக்கக் கூடாதா ராசா என்று இப்போது தோன்றுகிறது. உலகத்தில் எல்லார் மேலும் சந்தேகப்பட்டேன், உன் மேல் மட்டும் தப்பான இடத்தில் சந்தேகப்பட்டுவிட்டேன்.

முனியசாமி போன பிறகு பெட்டியைத் திறந்து ஒரு சரத்தை எடுத்து வாசலில் வைத்து நானே கொளுத்தினேன். உன் அப்பா இருந்த காலத்தில் கூட நான் பட்டாசைத் தொட்டதில்லை, இருளம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நாலைந்து வெடித்தது, மீதி எல்லாம் புகைந்து அணைந்துவிட்டது. திரும்பி வந்த சரக்கைத்தான் பணம் போட்டவர்களுக்குப் பெட்டி கட்டியிருக்கிறார்கள். மறுநாள் நேராக அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். வாங்க டீச்சரம்மா என்று எழுந்து நின்றார், கலர் சோடா வாங்கி வரச் சொன்னார், மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. என் மகன் பணம் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டேன். தம்பி நம்ம பிள்ளையில்லையா, நீங்க செவ்வாக்கிளம கூட்டத்துல கையெளுத்தப் போடுங்க, அடுத்த நாளே தம்பி பணம் வட்டியோட ஒங்க வீடு தேடி வரும், மத்தவுக தீபாவளி கழிச்சு வாங்கிக்கிடட்டும் என்றார். குரலை உயர்த்தவில்லை, மிரட்டவில்லை, உதவி செய்கிறவர் போலவே சொன்னார். கலரைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த நாள் உனக்கு வரப்போகும் பணம் எந்தப் பணம் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டேன். தொட்டிப் பணம்தான், வேறு எது? இருளம்மாளின் இரண்டு ரூபாயும் அதில் இருக்கும். நாலு வருஷம் பிலாயில் கிடந்து, உலை வெக்கையில் நின்று, ஊரிலேயே ஒரு சின்ன அச்சு பிரஸ் போட்டு என்னோடு இருக்க வேண்டும் என்று நீ சேர்த்த பணம் அது என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. நீ வீட்டுக்கு வர வேண்டும் என்று நான் கேட்காத ஜெபம் ஒன்று கூட இல்லை. கேட்டதைத் தட்டில் வைத்து நீட்டினார் அந்த மனிதர்.

இன்று காலை கூட்டம் நடந்தது. விதியை எல்லாருக்கும் கேட்கும்படி, வகுப்பில் படிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தேன். என் மகன் பணமும் அந்தக் கம்பெனியில் இருக்கிறது, அதனாலேயே நான் இதில் கையெழுத்துப் போடக் கூடாது, போட மாட்டேன், இதை எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். மெம்பர்களில் பாதிப் பேர் அண்ணாச்சியிடம் பணம் போட்டவர்கள் என்பது அவர்கள் போட்ட சத்தத்தில்தான் தெரிந்தது. எண்ணெய்க் கடை சங்கிலிமுத்து, நீங்க ஒரு கையெளுத்துப் போட்டா எல்லார் பணமும் வந்துரும், ஒங்க விதிக்காக எம்மக கல்யாணம் நிக்கணுமா என்று என் முகத்துக்கு நேராகக் கேட்டார். அந்தப் பெண்ணுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். பன்னிரண்டாயிரமும் கஜானாவிலேயே இருக்கிறது. மத்தியானத்துக்குள் ஊர் முழுவதும் செய்தி பரவி, கம்பெனி வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஆளுக்குக் கொஞ்சமாக தையில் தருகிறேன் என்று அண்ணாச்சி சொல்லி அனுப்பியிருக்கிறாராம். தருவார் என்று நான் நம்பவில்லை. ஆகையால் ராசா, உன் நாலு வருஷ உழைப்பு இன்று காலை என் கையால்தான் போனது. வேறு யார் சொல்லியும் நீ கேட்கக் கூடாது என்றுதான் இப்போதே உட்கார்ந்து எழுதுகிறேன். இதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் அதையும் நீ நம்பாதே.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த ஒரு வரியை எழுதும்போது அண்ணாச்சி என்னிடம் எதற்கு வருவார் என்று உனக்குத் தெரியுமா? அம்மாவிடம் நல்ல வார்த்தை சொல் என்று அவர் எழுதி, பணம் வந்தால் போதும் என்று நீ வெகுளியாக எழுதினாயா, அல்லது தெரிந்தே எழுதினாயா? தெரியாது என்றால் தெரியாது என்று எழுது, தெரியும் என்றால் தெரியும் என்று எழுது, உன் கையெழுத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று நான் பார்த்துக்கொள்கிறேன். எந்தப் பதிலானாலும் நீ என் பிள்ளைதான், அதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. கம்பெனியில் கொடுத்த ரசீதை யார் கேட்டாலும் கொடுத்துவிடாதே, எனக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு. தையில் நானே போய் அந்த வாசலில் நிற்பேன், சங்கிலிமுத்துவுக்குப் பின்னால் நிற்பேன், டீச்சரம்மா முன்னால வாங்க என்று கூப்பிட்டாலும் போக மாட்டேன். இந்த மாதம் எனக்கு மணியார்டர் அனுப்பாதே, பென்ஷன் போதும். அதை அங்கே தபாலாபீஸில் போட்டுப் புத்தகத்தை நீயே வைத்துக்கொள். கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்காது என்று எழுதியிருந்தாய், மேஸ்திரியிடம் ஒழுங்காகக் கேட்டுப் பார்த்தாயா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. பிரஸ் இல்லாவிட்டால் போகிறது, வெறும் கையோடு வா. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உலைப் பக்கம் நிற்கும்போது உன் கண்ணைக் காப்பாராக.

இப்படிக்கு,
உன் மேல் உயிராயிருக்கிற அம்மா,
ஞா. ஞானதீபம்

பின்குறிப்பு: பெட்டியைத் திருப்பி அனுப்பவில்லை. உன் மூவாயிரத்துக்கு இப்போதைக்கு நம் கையில் இருப்பது அதுதான். மழை விட்ட நேரத்தில் முற்றத்தில் சாக்கை விரித்துக் காய வைக்கிறேன், இருளம்மாள் காக்காய் விரட்டுகிறாள். நீ வந்தால் கொளுத்திப் பார்க்கலாம். வெடிக்கும் என்று நான் நம்பவில்லை, இருந்தாலும் தினம் புரட்டிப் போடுகிறேன்.