ஒசாகாவுக்குப் பத்தரை மணி நேரம்

அன்பு மகள் கார்த்திகாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். ஒசாகாவில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க ஆண்டாள் துணையிருப்பாள். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்பாய். பக்கத்தில் உன் அம்மா இருந்தால் என்னைப் பேச விடுகிறாளா? மீனம்பாக்கம் விமான நிலைய வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன், உன் பிரசவத்துக்கு வரும் அவள் கைப்பையில் வைத்து அனுப்புவேன்.

சென்னையிலிருந்து ஒசாகா ஆறாயிரம் கிலோமீட்டர் என்று கேட்டதிலிருந்து அவ்வளவு நேரம் வானத்தில் எப்படி இருப்பது என்று புலம்பிக்கொண்டே இருந்தாள். சிங்கப்பூருக்கு நாலு மணி நேரம், அங்கே மாறி ஏறினால் ஆறரை மணி நேரம், ஆக வானத்தில் பத்தரை மணி நேரம், இராஜபாளையத்திலிருந்து சென்னைக்கு ரயிலும் ஏறத்தாழ அவ்வளவுதான், அதில் நீ குறட்டை விட்டுத் தூங்குவதில்லையா என்றேன். பஸ் ஓட்டியவன் கணக்காயிற்றே, நம்பினாள். பிறகு அடுத்த வம்பு. டிக்கெட்டுக்குத் தக்கபடி நாங்கள் செவ்வாய்க்கிழமை ரயில் ஏற வேண்டும், செவ்வாய் வடக்கே சூலம், அந்தத் திசையில் கிளம்பக் கூடாது. ஒசாகா கிழக்கேதானே என்றேன், சென்னை வடக்கே என்றாள். அதனால் திங்கட்கிழமையே நல்ல நேரம் பார்த்து, பரஸ்தானம் என்று ஒரு சேலையைப் பையில் போட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் வேல்சாமி மாமா வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். பயணம் அன்றே தொடங்கிவிட்டதாகக் கணக்காம். ரயில் அங்கே நிற்கும்போது மாமா பையைக் கொண்டுவந்து தர வேண்டும்.

மாமா வந்தான், பால்கோவாவோடு. பை இல்லை. ஒரு பழைய சேலையை அக்கா அவ்வளவு தூரம் ஏன் சுமக்க வேண்டும் என்று வீட்டிலேயே விட்டுவிட்டானாம். ரயில் நகர்ந்த பிறகு உன் அம்மா முகம் வெளுத்துப்போய்ச் சொல்கிறாள், பாஸ்போர்ட்டும் அந்தப் பைக்குள்தான் இருக்கிறதென்று. உடனே போன் போட்டேன். பாவம், காரை விரட்டிக்கொண்டு வந்து மதுரை ஸ்டேஷனில் எங்கள் பெட்டியைத் தேடி ஓடி, மூச்சிரைக்கக் கொடுத்துவிட்டுப் போனான். அதுவரை அடக்கிவைத்த கோபத்தில், சேலையோடு பாஸ்போர்ட்டை எவளாவது வைப்பாளா என்று கத்திவிட்டேன். பெட்டியே திரும்பிப் பார்த்தது. அவள் மெதுவாகச் சொன்னாள்: “போன தடவ புள்ள தங்காமப் போனப்ப, பாஸ்போட்டு இல்லாமத்தான எம்மகட்ட போக முடியல. இந்த மட்டம் நல்ல நேரத்துல மொதல்ல அதுதான் கெளம்பணும்னு வச்சேன்.” அவளுக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

வந்ததும் அடுப்படியில் நுழைவாள், விட்டுவிடு. அவர் அங்கே தனியாக இருக்கிறாரே என்று சீக்கிரம் கிளம்பப் பார்ப்பாள், அனுப்பிவிடாதே, எனக்குச் சோறு பொங்கத் தெரியும், குழம்புக்கு உன் மாமா வீடு இருக்கிறது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். சுகமாகப் பெற்றெழுந்து தாயும் பிள்ளையுமாய் நீடூழி வாழ வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. போன தடவை நீ போனில் அழுதபோது நாங்கள் இரண்டு பேரும் இங்கே என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். இந்தக் கடிதம் உன் கையில் இருக்கிறதென்றால் உன் அம்மா உன் பக்கத்தில் இருக்கிறாள். படித்தது போதும், அவள் மடியில் போய்ப் படுத்துக்கொள்.

உன் அப்பா,
இருளப்பசாமி