சுவரைப் பார்த்துக் கட்டிய கயிறு

பண்ணைப்புரம்
5.1.2026

மகன் சுருளிராஜனுக்கு அப்பா முத்துவீரன் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு மாரீஸ்வரி எழுதுவது.

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். ஊரில் ஒரு வேலையைக் கெடுத்துவிட்டு எர்ணாகுளத்துக்கு பஸ் ஏறியவனுக்கு என்ன குறை? போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய். இதைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே கிடக்கும், என்றைக்காவது உன் கண்ணில் படும்.

கம்பத்துப் பள்ளிவாசலில் நீ விரித்த கார்பெட் அப்படியேதான் கிடக்கிறது. தொழுகிறவர்கள் வரிசையாக நிற்பதற்குக் கோடு போட்ட கார்பெட். அந்தக் கோட்டில் கால் வைத்து நின்றால் முகம் மக்கா இருக்கும் திசையைப் பார்க்க வேண்டும். நீயோ சுவரைப் பார்த்து விரித்திருக்கிறாய். அது தெரு போகிற வாக்கில் கோணலாகக் கட்டிய சுவர். இப்போது பாதிப் பேர் உன் கோட்டைப் பார்த்து நிற்கிறார்கள், பாதிப் பேர் திசையைப் பார்த்து நிற்கிறார்கள். குனிந்து எழும்போது தோளும் தோளும் முட்டிக்கொள்கிறது. சாமியை நினைக்கிற நேரத்தில் அத்தனை பேரும் உன்னை நினைக்கிறார்கள்.

அங்கே முதன்முதலில் விரித்தவன் நான். நீ அப்போது உன் ஆத்தா வயிற்றில். ஆலப்புழையிலிருந்து கயிற்று கார்பெட் குமுளி வழியாக லாரியில் வந்தது. மழை. தார்ப்பாய் கிழிசல். சுருள் நனையக் கூடாதென்று நானும் இன்னும் ரெண்டு பேரும் அதன் மேலேயே படுத்து வந்தோம். இறங்கியதும் பச்சைத் தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர், "இந்தச் சுவரு பொய் சொல்லும் வீரா, நான் நிக்கிறேன், என் தோளப் பாத்துக் கயிறு கட்டு" என்றார். அப்படித்தான் கோடு நேர் பார்க்கும் கயிற்றைக் கட்டினேன்.

என் பேரைக் கேட்டுத்தான் உனக்கு இந்த வேலையைக் கொடுத்தார்கள். ரமலான் பிறப்பதற்குள் வந்து பிரித்துத் திருப்பி விரி. இல்லையென்றால் எனக்கு மகன் இல்லை.

முத்துவீரன் (கைநாட்டு)

மாமா சொன்ன சில வார்த்தைகளை நான் எழுதவில்லை அண்ணே. மன்னிக்கவும். – மாரீஸ்வரி


எர்ணாகுளம்
13.1.2026

அன்புள்ள அப்பாவுக்கு,

பேசினால் எனக்கும் குரல் ஏறிவிடும், அதனால்தான் எழுதுகிறேன். பொங்கலுக்கு நாங்கள் வரவில்லை. அம்மாவுக்குச் சேலை அனுப்பியிருக்கிறேன். உங்கள் முட்டிக்குத் தைலமும் அதில் இருக்கிறது, சுடவைத்துத் தேய்க்க வேண்டாம்.

மழை, கிழிந்த தார்ப்பாய், பச்சைத் தலைப்பாகை எல்லாம் ஞாபகம் இருக்கிறது உங்களுக்கு. போன மாதம் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து எல்லாரும் வெளியே வந்து நிற்கும்போது என் கன்னத்தில் அறைந்தீர்களே, அதை மட்டும் மாரீஸ்வரியிடம் சொல்ல விட்டுப்போயிற்றா? எனக்கு ரெண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். காதோரம் நரைத்துவிட்டது. எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த மகள் சிம்ரன் தூக்குச்சட்டியோடு வாசலில் நின்றாள். அன்றிலிருந்து அவள் அந்தப் பேச்சை எடுப்பதே இல்லை. எடுத்தாலாவது தேவலை.

சுவரைப் பார்த்துக் கயிறு கட்டு என்று எனக்குச் சொல்லித் தந்தது யார்? நீங்கள்தான். பழைய தரையில் திசைக்குக் கோடு போட்டு வைத்திருந்தார்களாம். புது டைல்ஸ் போட்டபோது அது போய்விட்டது. டைல்ஸையும் சுவர் வாக்கில்தான் ஒட்டியிருக்கிறார்கள். நான் எதைப் பார்த்துக் கட்டுவேன்? அந்தச் சுவர் பொய் சொல்லும் என்று உங்களுக்குத் தெரியும். நான் வேலைக்குக் கிளம்பிய அன்று நீங்கள் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தீர்கள். "கம்பம் பள்ளிவாசலுக்குப் போறேன்ப்பா" என்றேன். "போ" என்றீர்கள். அவ்வளவுதான்.

கார்பெட்டைத் திருப்பி விரிக்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. எந்த ஆட்கள் முன்னால் அடித்தீர்களோ, அந்த ஆட்கள் முன்னால், அடித்தது தப்பு என்று சொல்லுங்கள். அடுத்த பஸ்ஸில் வருகிறேன்.

சுருளிராஜன்


பண்ணைப்புரம்
20.1.2026

ஏலே சுருளி,

உன் கடிதத்தை மாரீஸ்வரி வாசித்தாள். அறைந்த இடம் வந்ததும் குரலைத் தாழ்த்தினாள். "சத்தமா வாசி ஆத்தா, நான் என்ன களவாண்டேனா?" என்றேன். ஆமாம், அடித்தேன். மறக்கவில்லை. ஊரே பார்த்ததை எழுத மை எதற்கு?

தகப்பன் மகனை அடித்ததற்குத் தப்புச் சொல்வது எந்த ஊர் வழக்கம்? உத்தமபாளையம் சந்தையில், சீரகம் வாங்கிய மீதிக் காசை எண்ணாமல் வாங்கி வந்தேன் என்று என் அப்பன் என்னை மாட்டுக் கயிற்றால் விளாசினார். தக்காளிக் கூடைக்காரி, "விடுங்கய்யா, செத்துக்கித்துப் போவான்" என்று குறுக்கே விழுந்தாள். அவர் என்னிடம் வந்து தப்பு என்று சொன்னாரா? சொல்லாமலே போய்ச் சேர்ந்தார். அந்தக் கூடைக்காரி முகம்கூட இன்னும் எனக்கு மறக்கவில்லை.

சொல்லித் தரவில்லையாம். நீ கேட்டாயா? "அப்பா, அங்கன எப்படி விரிக்கணும்" என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டாயா? போகிறேன் என்றாய். போகிறவனைப் போ என்றுதான் சொல்ல முடியும்.

நீ வர வேண்டாம். நேற்று நானே கார்பெட் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனேன். முட்டி போட்டேன். ஒரு ஓரத்தைக் கிளப்பினேன். பசை போட்டு ஒட்டித் தொலைத்திருக்கிறாய், உரிக்க வரவில்லை. எழுந்திருக்கப் பார்த்தால் முட்டியும் வரவில்லை. பாங்கு சொல்லும் மோதினார் வந்து கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். "வீரா, கார்பெட்டு கோணலா இருந்தா நாங்க சமாளிச்சுக்குவோம். நீ இங்கனயே மண்டையப் போட்டா யாரு சமாளிக்கிறது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டேன். அந்தச் சிரிப்புக்கும் நீதான் பொறுப்பு.

உன் ஆத்தா மலையம்மாள் என்னோடு பேசுவதில்லை. சோற்றை வைத்துவிட்டுச் சுவரோடு பேசுகிறாள்.

முத்துவீரன் (கைநாட்டு)


எர்ணாகுளம்
27.1.2026

அப்பாவுக்கு,

நீ கேட்டாயா என்கிறீர்கள். கேட்டேன். போடியில் ஒரு லாட்ஜில் முதல் வேலை. கார்பெட்டின் நூல்முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன். "கண்ணு எதுக்கு வச்சிருக்க, புளியங்கொட்டையா?" என்றீர்கள். லாட்ஜ்காரர், மேஸ்திரி, பெட்ஷீட் மடித்துக்கொண்டிருந்த அக்கா எல்லாரும் சிரித்தார்கள். அன்றோடு உங்களிடம் கேட்பதை விட்டுவிட்டேன். இங்கே மலையாளி மேஸ்திரியிடம் ஆயிரம் கேட்கிறேன். அவர் திட்டிக்கொண்டே சொல்லித் தருகிறார். நீங்கள் திட்டினீர்கள்.

கத்தியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். முட்டியை வைத்து உந்தி உந்தி இழுக்கிற வேலை, முப்பது வருசம் செய்தாயிற்று. அது இனி மடங்காது.

இதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. பதில் போட வேண்டாம்.

சுருளிராஜன்


பண்ணைப்புரம்
7.2.2026

சுருளிராஜனுக்கு,

பதில் போட வேண்டாம் என்றாய். போடுகிறேன். நீ சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன்?

மோதினார் நேற்று உன் ஆத்தாவுக்குப் போன் செய்தார். "என்னத்தா, மகன் வந்துட்டுப் போயிட்டானே, வீட்டுக்கு வரலியா?" என்று கேட்டிருக்கிறார். அவள் போனை வைத்தாள். பேசாதவள் என்னைப் பார்த்து வாய் திறந்தாள். "இப்ப திருப்தியா?" என்றாள்.

நான் கம்பத்துக்கு பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். முழுவதையும் பிரித்துத் திருப்பி விரித்திருக்கிறாய். கோட்டில் ஒருவரை நிற்க வைத்துப் பார்த்தேன். திசை சரி. சுவர் ஓரத்தில் முக்கோணம் முக்கோணமாக வெட்டிச் சேர்த்த இடத்தையெல்லாம் கையால் தடவினேன். இணைப்பு தட்டுப்படவில்லை. ஒரு குறையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று மூலை மூலையாகத் தேடினேன். இல்லை. அதற்கும் கோபம்தான் வந்தது.

"எங்கப்பாவுக்காக வரல. தொழுறவுக தோளு முட்டிக்கிட்டு நிக்கிறாக, அதுக்காக வந்தேன்னு சொன்னான் வீரா" என்றார் மோதினார். ரெண்டு நாள் அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறாய். மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாயாம். கம்பம் வரைக்கும் வந்தவனுக்குப் பண்ணைப்புரம் என்ன காசியா, ராமேஸ்வரமா? கார்பெட்டைத் திருப்பி விரி என்றுதான் நான் எழுதச் சொன்னேன். நீயும் அதை மட்டும் செய்துவிட்டுப் போய்விட்டாய். எழுதியது அதுதான் என்றால் அதை மட்டும்தான் செய்வாயா? இந்தக் கிறுக்குப்பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று மாரீஸ்வரி கேட்கிறாள். அவளையும் திட்டிவிட்டேன்.

அடித்தது தப்பு என்று நான் சொல்லாமலே நீ வந்துவிட்டாய். சொன்னால்தான் வருவேன் என்றவன். இப்போது நான் இந்த வாயை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

இதை ஸ்பீட் போஸ்ட்டில் போடச் சொல்லியிருக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரம், பள்ளிவாசல் வாசலில் நிற்பேன். அன்றைக்கு நின்றவர்கள் எல்லாரும் இருப்பார்கள், மோதினாரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். நீ வந்தால் சொல்வேன். வராவிட்டால் சொல்ல மாட்டேன். அடி வாங்கியவன் இல்லாத இடத்தில் சொல்வதற்கு நான் என்ன மேடைப் பேச்சாளனா? சிம்ரனையும் கூட்டி வா. அவளும்தானே பார்த்தாள்.

கேட்டுவிட்டு அங்கிருந்தே எர்ணாகுளத்துக்கு பஸ் ஏறினாயோ, காலை முறித்துப்போடுவேன்.

முத்துவீரன் (கைநாட்டு)