ஒற்றைக் கையுறையும் ஓடாத கால்களும்

உம்மா,

இன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அலுமாரியைத் திறந்து அந்தப் பேஸ்போல் கையுறையை எடுத்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் தோலில் தேங்காய் எண்ணெய் மணக்கிறது. நீங்க தடவின எண்ணெய்தான்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கட பேரனும் பந்தெறிகிறவன்தான். ஒரு கிழமையாக முழங்கை நோகுது என்று, சோறு பிசைய ஏலாமல் கரண்டி கேட்டான். எனக்கு நித்திரையே இல்லை. எக்ஸ்ரே பார்த்த டொக்டர், "எலும்பில ஒண்டுமில்ல. கொஞ்ச நாள் எறியாம இருக்கட்டும், காலைப் பலப்படுத்துங்க" என்றார். அல்ஹம்துலில்லாஹ்! போன மூச்சு திரும்பி வந்தது. பிறகு சிரிப்பும் வந்துவிட்டது. டொக்டர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

நினைவிருக்கா? சுனாமிக்குப் பிறகு கல்முனைக்கு வந்த நிவாரணப் பெட்டி ஒன்றில்தான் இந்தக் கையுறை கிடந்தது. நீங்க பெட்டியைக் கவிழ்த்துத் தேடினீங்க. "மத்தக் கைக்கு எங்கடா? பாவம் அதுகள், மறந்துபோய் ஒண்ட மட்டும் அனுப்பியிருக்குதுகள்!" ஒரு கைக்குத்தான் போடுவது என்று எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. ஆனாலும் தோல் காயக்கூடாது என்று எண்ணெய் பூசி வைத்தீங்க.

தங்கச்சியைக் கடல் கொண்டுபோய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு கடற்கரைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவும் நீங்க விடவில்லை. ரோட்டில் ஓடலாம் என்றால் ஆமிக்காரர்களின் செக் பொயின்ட். "ஓடுறவன்லதான் சந்தேகப்படுவானுகள், நடந்து போ" என்பீங்க. நான் முற்றத்துச் சுவரில் நாலு வருஷம் பந்தெறிந்தேன். பள்ளிக்கூடப் பேஸ்போல் அணியில் சேர்ந்தபோது கையில் வேகம் இருந்தது, காலில் ஒன்றுமில்லை. முழங்கை வீங்கியது. நீங்க கண்ணூறு என்று ஓதி ஊதினீங்க, பின்னேரமானால் எண்ணெய் போட்டுத் தேய்த்தீங்க.

யுத்தம் முடிந்த வருஷம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனீங்க. பயிற்சி சொல்லித்தரும் மிஸ் என் கையைத் தொடவேயில்லை. "ஒத்தக் காலில நில்லுங்க தம்பி" என்றா. ஐந்து எண்ணுவதற்குள் ஆடி விழப்போனேன்.

"எறியும்போது கால் பலம் குடுக்காட்டி முழுப் பாரமும் முழங்கைக்குத்தான். கடைசியா எப்ப ஓடினீங்க?"

"சுனாமிக்கு முந்தி மிஸ்."

உங்கட முகம் செத்துப்போச்சு உம்மா. வீட்டுக்கு வந்து அஸர் தொழுதீங்க. பிறகு, "வெளிக்கிடு மகன்" என்றீங்க.

கடற்கரையில் எனக்குத்தான் கால் கூசியது. நீங்க முக்காட்டை இறுக்கிக்கொண்டு மணலில் குந்தினீங்க. "நீ ஓடு. கடல நான் பாத்துக்கிறன்."

பாண்டிருப்புப் பக்கம் ஓடிப்போய்த் திரும்பி வரும்போதெல்லாம் உங்கட கண் அலையிலேயே இருந்தது. ஒவ்வொரு நாளும் அப்படித்தான். மழைக்காலம் வருவதற்குள் நோவு போய்விட்டது. கால் பலப்பட்டதால்தான் என்று மிஸ் சொன்னா. நீங்க கடைசிவரை எண்ணெய்தான் என்றீங்க. இருக்கட்டும், எண்ணெய்தான்.

இன்றைக்கு அஸருக்குப் பிறகு மகனை அதே இடத்துக்குக் கூட்டிப் போனேன். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, "வாப்பா, நான் ஓடுறத்தப் பாருங்க" என்றான். ஓம் என்றேன். ஓடிவிட்டு மூச்சிரைக்க வந்து, "எப்பிடி ஓடினன்?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியாது உம்மா. நான் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.