பாகு வாசம்

மங்கலம் ரோடு,
திருப்பூர்.
12.2.2006

அன்பு மச்சானுக்கு, ஜுவைரியா சலாம் சொல்லி எழுதுவது.

அல்லாஹ்வின் காவலில் ஜோர்டானில் நலமாக இருப்பீர்கள். அங்கே பனி கொட்டுகிறது என்றீர்களே, காதை மூடாமல் கம்பெனிக்குப் போகாதீர்கள்.

நானும் பிள்ளையும் நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்துவிட்டோம். போனில் அவ்வளவுதான் சொன்னேன். மாமி பக்கத்தில் நின்றார்கள், மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை.

பிறந்து ஒரு வாரம் ஆவதற்குள் பிள்ளை பால் குடிப்பதை நிறுத்தினாள். எழுப்பினாலும் கண் திறக்கவில்லை. ஈரத் துணியை மாற்றும்போது அந்த வாசம் வந்தது, மச்சான். அடுப்பில் பாகு லேசாகத் தீய்ந்தது போல. நம் மூத்தவன் ரிஸ்வானிடம் வந்த அதே வாசம். அன்று அவனை எத்தனை ஆசையாக முகர்ந்தோம்! "ஆத்தாக்காரி வெந்தயக் களி திங்கறாள்ல, அதான் புள்ள இனிப்பா மணக்குது" என்று மாமி சொன்னார்கள். நாமும் நம்பினோம்.

இப்போதும் மாமி அதையேதான் சொன்னார்கள். ஆனால் ரிஸ்வான் நம்மை விட்டுப் போனதிலிருந்து எனக்கு வெந்தயமே ஒப்பவில்லை. இந்தப் பிரசவத்துக்குக் கிண்டித் தந்த களியில் ஒரு வாய்கூட நான் தின்னவில்லை. அப்படியானால் இந்த வாசம் எங்கிருந்து? அது மனதில் பட்டதும் பிள்ளையை அள்ளிக்கொண்டு மாமா மாமியோடு கோயம்புத்தூர் ஓடினேன்.

அங்கே சித்ராதேவி டாக்டர் பிள்ளையை முகர்ந்து பார்த்துவிட்டு, "நீங்க வெந்தயம் சாப்பிடறீங்களா கண்ணு?" என்றார். இல்லீங்க என்றதும் அவர் முகம் மாறியது. சிறுநீரில் ஏதோ மருந்தை விட்டார்கள். கண்ணாடிக் குழாயில் மஞ்சளாகத் திரண்டது. "ஒரு சொட்டுப் பால்கூட இப்பத்திக்கு வேண்டாங்க" என்றார். என் மார்பு கனத்து வலித்தது. பிள்ளையின் கையில் குளுக்கோஸ் இறங்கியது. ரத்தத்தைப் பெங்களூருக்கு அனுப்பினார்கள்.

மருந்துச் சீட்டின் பின்புறம் டாக்டர் படம் போட்டுக் காட்டினார். பாலிலும் பருப்பிலும் உள்ள புரதம் அமினோ அமிலங்களால் ஆனதாம், இருபது வகை. எல்லாவற்றுக்கும் நடு உடம்பு ஒன்றேதான். ஒரு பக்கம் அமிலம், ஒரு பக்கம் அமினோ. ரத்தத்தில் அமிலப் பக்கம் ஒரு ஹைட்ரஜன் அயனியை விட்டுவிடும், அமினோ பக்கம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஒன்றுக்குள்ளேயே கூட்டல், கழித்தல் என்று இரண்டு மின்னூட்டமும் சேர்ந்திருக்குமாம். பக்கவாட்டில் நீளும் கை மட்டும்தான் வேறு. கட்டிங் மாஸ்டருக்கு நான் சொல்ல வேண்டுமா? பனியனுக்கு உடம்புத் துணி ஒன்று, கைதானே மாடலை மாற்றுகிறது! அந்தக் கையைப் பார்த்துத்தான் தண்ணீரோடு சேர்வது, சேராதது, அமிலக் குணம், காரக் குணம் என்று பிரிக்கிறார்களாம். லியூசின், ஐசோலியூசின், வாலின் என்ற மூன்றுக்கு மட்டும் கை கிளை விட்டிருக்கிறது. அந்த மூன்றையும் முழுதாக உடைக்க நம் பிள்ளையின் உடம்புக்குத் தெரியவில்லை. பாதி உடைந்தவை அமிலமாகத் தேங்கி மூளை வரை போகின்றன. அந்த வாசமும் அதனால்தான்.

மறுநாள் மதியம் கட்டிலோரம் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தேன். வெள்ளை வெள்ளையாகப் பனியன்கள் வானம் முழுக்கக் காற்றில் மிதந்தன. கிளை விட்ட கைகள் மட்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு இறங்கி வர, நான் அண்ணாந்து நின்று ஒவ்வொன்றாகப் பிரித்து விடுகிறேன். பிரிக்கப் பிரிக்க அவை பறவை போல மேலே போகின்றன. பஞ்சு பறப்பது போல எங்கும் அமைதி. யாரோ என் விரலை இழுத்தார்கள். விழித்தால், பிள்ளை கண் திறந்து என்னையே பார்க்கிறாள்.

பெங்களூரிலிருந்து வந்த முடிவும் டாக்டர் சொன்னதையே சொன்னது. இனி அந்த மூன்றும் இல்லாத பால்மாவு, கூடவே அளந்து கொஞ்சம் என் பால். சாதாரணக் காய்ச்சலுக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். "ஆயுசுக்கும் கவனமா இருக்கோணுங்க. ஆனா வளருவா" என்றார்.

சொந்தத்தில் கல்யாணமா என்றும் கேட்டார். ஆமாங்க என்றேன். "ரெண்டு பேருகிட்டயும் ஆளுக்கொரு பாதிக் குறை இருந்திருக்குதுங்க. உங்களுக்கே தெரியாது. யாரு மேலயும் தப்பில்லீங்க." மாமி அங்கேயே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்கள்.

மச்சான், கம்பெனியில் ஷிப்மெண்டை முடித்துவிட்டுத் தாமதமாக வந்ததால்தான் ரிஸ்வான் போனான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவு தூரம் போய்விட்டீர்கள். டாக்டரிடம் அதையும் கேட்டேன். அன்று நீங்கள் முன்னாலேயே வந்திருந்தாலும், வாசத்துக்குக் காரணம் தெரியாதவர்கள் பாலைத்தான் கொடுக்கச் சொல்லியிருப்பார்கள் என்றார்.

இவள் யார் ஜாடை என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. என்ன பெயர் வைக்கலாம் என்றால் போனை மாமாவிடம் கொடுக்கச் சொல்கிறீர்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் இவள் பெயர் 'ஜுவைரியா பேபி'. இவளுக்கு உங்கள் நெற்றி, உங்கள் காது. அந்தக் காதில் இவள் பெயரை நீங்கள்தான் வந்து சொல்ல வேண்டும். அதுவரை யாரையும் வைக்க விடமாட்டேன்.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாக எங்களிடம் சேர்க்கட்டும்.

உங்கள்
ஜுவைரியா