துரையின் நாற்காலிக்கு இரண்டு கழிகள்

அக்கா,

இன்று காலை கூடத்துக் கதவைத் திறந்ததும் வார்னிஷ் வாடை மூக்கில் ஏறியது. துரையின் நாற்காலிக்குப் புதுப் பூச்சு. பூசியவர்கள் அதன் இரண்டு மூங்கில் கழிகளையும் கழற்றிச் சுவரோரம் போட்டிருந்தார்கள். நீங்கள் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. இந்தக் கோபத்தை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

நல்லம்பள்ளிப் பக்கத்துத் தனியார் அருங்காட்சியகத்தில் நமக்கு வேலை. நான் விளக்க அட்டை எழுதுபவள், நீங்கள் கூடம் பெருக்குபவர். 'வெள்ளைக்காரத் துரை வத்தல்மலை ஏறிய நாற்காலி' என்று நான்தான் எழுதி வைத்தேன். அழகாக எழுதிவிட்டதாக நினைப்பு வேறு. நீங்கள் பெருக்குவதை நிறுத்திவிட்டுப் படித்தீர்கள்.

"ஏம்மா, நாற்காலி தானாவா மலையேறுச்சு?"

மறுநாளே ஸ்டோர் ரூமிலிருந்து கழிகளைத் தூக்கி வந்தீர்கள். வருஷக்கணக்காக அவற்றில் மாப்புத் துணி காயப்போட்டிருந்தோம். நுனிகளுக்குச் சற்று உள்ளே மூங்கில் வழவழவென்று தேய்ந்திருந்தது. "தோளு பட்ட எடம். எங்க தாத்தனோட அப்பனும் இந்த நாற்காலியத் தூக்குனவரு. தோளு காப்புக் காச்சி, கடைசிவரைக்கும் ஒருக்களிச்சுப் படுக்க முடியலயாம்" என்றீர்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கழிகளை மாட்டியதும் கூடத்தில் பாதி வழி அடைபட்டது. ஜனங்கள் சுற்றிப் போக வேண்டியிருக்கிறதே என்று மேலாளர் சத்தம் போட்டார். "போவட்டுங்க சார், ஒண்ணும் கொறஞ்சிடாதுங்க" என்றீர்கள். மாலையில் அவர் கழற்றுவார், காலையில் நீங்கள் மாட்டுவீர்கள். பதினோராம் நாள் அவருக்கு அலுத்துவிட்டது. அப்புறம் வந்தவர்கள் துரையின் இருக்கையைப் பார்த்ததைவிட, குனிந்து கழிக்கடியில் தோளைக் கொடுத்துப் பார்த்ததுதான் அதிகம்.

உங்கள் மறைவுக்காகவே காத்திருந்த மாதிரி இன்று மேலாளர் மறுபடி ஆரம்பித்துவிட்டார். "வெளிநாட்டு விருந்தாளிங்க வராங்கம்மா. பழைய கசப்பெல்லாம் எதுக்கு?"

"கசப்பு அவங்களுக்கா, நமக்கா சார்?" என்று கேட்டுக்கொண்டே கழிகளை மாட்டினேன். சொன்னதை மீறியதற்கு நாளைக்குள் விளக்கக் கடிதம் எழுதித் தர வேண்டுமாம், இல்லையென்றால் வேலை இல்லையாம்.

கடிதம் எழுதவில்லை, அக்கா. அட்டையைத்தான் திருத்தி எழுதினேன். துரை கடைசி வரிக்குப் போய்விட்டார். முதல் வரியில், நீங்கள் சொல்லியிருந்த உங்கள் கொள்ளுத்தாத்தா பெயர் இருக்கிறது. அவருடன் தூக்கிய மூன்று பேருக்கும் கீழே இடம் விட்டிருக்கிறேன். வேலை இருந்தாலும் போனாலும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊருக்கு மலையேறி, வீடு வீடாக அந்தப் பெயர்களைக் கேட்கப் போகிறேன்.